பெரட்டுப் பலகைக்கு ஒரு தாள்: எடைச்சீட்டுக் கணக்கை அட்டவணையும் பட்டைப்படமுமாக மாற்றும் நிரல்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை). 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டமும் இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பழம் வெட்டும் ஊரில் கணக்குக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் மில் தரும் எடைச்சீட்டு இருக்கிறது, மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) கொண்டுவரும் குலைக் கணக்கு இருக்கிறது, கிராணியின் (ஆபிஸ் எழுத்தர்) எக்செல் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) மண்டோர் ஒரு பார்வை பார்த்து, இன்றைக்கு எந்தப் புளோக்கில் (தோட்டத்தின் ஒரு பகுதி) ஆளை இறக்குவது என்று முடிவு செய்ய ஒரு தாள்.

அந்தத் தாளைத் தயாரிக்கும் நிரல் பற்றியது இந்தப் பதிவு. ஒரே ஏ4 பக்கம், அதில் மூன்று பகுதி. மேலே புளோக் வாரியாக டன், ஹெக்டருக்கு டன், சராசரிக் குலை எடை, கடைசி வெட்டிலிருந்து எத்தனை நாள், ஒரு வெட்டுச் சுற்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை நாள். நடுவில் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பட்டை. கீழே இந்த வருஷமும் போன வருஷமும் மாத வாரியாக இரண்டு கோடு.

தயாராகக் கிடைக்கும் டாஷ்போர்டுகள் (கணக்கைப் படமாகக் காட்டும் மென்பொருள்கள்) நிறைய இருக்கின்றன. தோட்ட ஆபிசுக்கு அவை பொருந்தாததற்குக் காரணம் அலங்காரமோ விலையோ இல்லை. ஒரு லோரியில் இரண்டு மூன்று புளோக்கின் பழம் கலந்து போகும். மில் ஒரே எடைதான் தரும். அதைப் பிரித்துக் கொடுக்கும் வேலையை எந்த டாஷ்போர்டும் தானாகச் செய்யாது. அதற்கு நிரல் எழுதியே ஆகவேண்டும். அதை எழுதிவிட்டால் மிச்ச வேலை கொஞ்சம்தான்.

கருவிகள்: பழைய விண்டோஸ் 10 கணினி, 4 ஜிபி நினைவகம், கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். பைத்தான் 3.11, அதோடு சேர்ந்தே வரும் எஸ்கியூலைட் தரவுத்தளம், எக்செல் கோப்பைப் படிக்க ஓப்பன்பைஎக்செல், குறுக்கு அட்டவணைக்கு பாண்டாஸ், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. வரைபட நூலகம் கிடையாது; பட்டைகளை நிரலே எஸ்விஜியாக (உலாவி படமாகக் காட்டும் எழுத்துக் கோப்பு) எழுதும். ஏன் என்பது எழுத்துப் பகுதியில் வரும். எஸ்கியூலைட் 3.25-க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் விண்டோ ஃபங்ஷன் (பக்கத்து வரிகளையும் பார்த்துக் கணக்கிடும் சார்பு) வேலை செய்யாது, பைத்தான் 3.11 நிறுவியில் வருவது அதைவிடப் புதியதுதான்.

ஒரு வரி என்றால் என்ன

தரவுத்தளத்தில் முதலில் மூன்று அட்டவணை.

எடைச்சீட்டு: சீட்டு எண், எடை போட்ட தேதி, லோரி எண், நிகர எடை.
வெட்டு: வெட்டிய தேதி, புளோக், மண்டோர், குலை எண்ணிக்கை, உதிரி (குலையிலிருந்து உதிர்ந்த பழம்) மூட்டை, சீட்டு எண்.
புளோக்: புளோக் எண், ஹெக்டர், நட்ட ஆண்டு.

நிகர எடையைக் கிலோவில், முழு எண்ணாகவே வைக்க வேண்டும். டன்னாக மாற்றித் தசமத்தில் சேமித்தால் கூட்டும்போது கடைசி இலக்கம் ஆடும். பிறகு மில் கணக்கோடு ஒத்துப்பார்க்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டும். டன் என்பது தாளில் அச்சாகும் கணத்தில் மட்டும் பிறக்கட்டும்.

எடை போட்ட தேதியும் வெட்டிய தேதியும் தனித்தனியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். ஆனாலும் 31-ஆம் தேதி மதியம் வெட்டியது 1-ஆம் தேதி காலையில்தான் எடை ஏறும். டன்னை எடைத் தேதியிலும் குலையை வெட்டுத் தேதியிலும் கணக்கிட்டால் மாதக் கடைசியில் குலை எடை திடீரென இறங்கும், அடுத்த மாதத் தொடக்கத்தில் ஏறும். மரத்தில் ஒன்றும் நடக்கவில்லை, தேதியில்தான் நடந்தது. இந்தத் தாளில் எல்லாமே வெட்டிய தேதிப்படி.

புளோக் எண்ணை எழுத்தாகவே வைக்க வேண்டும். பி07ஏ என்றால் சிக்கல் இல்லை. வெறும் 07 என்று பெயர் வைத்திருக்கும் டிவிஷனில் (தோட்டப் பிரிவு) எக்செல் அதை 7 ஆக்கிவிடும், பாண்டாஸும் அப்படியே. படிக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு எழுத்து வகை என்று சொல்லிவிட்டால் போதும். எக்செல்லிலேயே 7 ஆகிவிட்டதற்கு முன்னால் பூஜ்யத்தை நிரல்தான் ஒட்டவேண்டும்.

தேதி

எக்செல்லிலிருந்து வரும் தேதியை நம்பக்கூடாது. ஆபிஸ் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், கிராணி 03/04/2024 என்று தட்டும்போது எக்செல் அதை மார்ச் 4 ஆக எடுத்துக்கொள்ளும். 13/04/2024 என்று தட்டினால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். இதனால் ஒரு அடையாளம் கிடைக்கிறது: ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் உண்மையான தேதியாகவும், நாள் 12-க்கு மேற்பட்டவை எல்லாம் எழுத்தாகவும் இருந்தால், தேதியாக மாறியவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நிரல் அந்த நிலையில் திருப்பிப் போட்டு, திருப்பிய வரிகளைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கும். கிராணி அதைப் பார்த்துச் சரி சொன்ன பிறகே உள்ளே ஏற்றும்.

எழுத்தாக வந்த தேதிக்கு, நாள்/மாதம்/ஆண்டு என்ற வடிவத்தை வெளிப்படையாகக் கொடுக்கவேண்டும். பாண்டாஸில் "நாள் முதலில்" என்று ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் அது கண்டிப்பானது அல்ல. பொருந்தாத இடத்தில் மாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளக்கூடும்.

எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லை. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்துவதும் கழிப்பதும் ஒழுங்காக நடக்கும். 05/11/2024 என்று வைத்தால் தேதிச் சார்புகள் பிழை சொல்லாது, வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். பட்டைப்படம் காலியாக வரும், காரணம் தெரியாது.

லோரிப் பழத்தைப் பிரிப்பது

ஒரு சீட்டில் நிகர எடை 8,430 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லோரியில் பி07ஏ புளோக்கின் 310 குலையும் பி15பி புளோக்கின் 290 குலையும். குலை எண்ணிக்கைப்படி பிரித்தால் ஏறக்குறைய 4,356-உம் 4,074-உம். இது தப்பு. பி15 இளம் மரம்; அதன் குலை சிறியது. போன மாதச் சராசரி பி07-க்கு 18 கிலோ, பி15-க்கு 9 கிலோ என்றால் எதிர்பார்க்கும் எடை 5,580-உம் 2,610-உம், மொத்தம் 8,190. இந்த விகிதத்தில் 8,430-ஐப் பிரித்தால் 5,743.5-உம் 2,686.5-உம். இரண்டு முறைக்கும் இடையே ஒரே லோரியில் 1.4 டன் இடம் மாறுகிறது. மாதம் முழுக்க இப்படிப் போனால் இளம் புளோக் பிரமாதமாகவும் பழைய புளோக் நோஞ்சானாகவும் தெரியும்; உரம் போடும் முடிவு வரை அது போய்ச் சேரும்.

நிரல் செய்வது:

எதிர்பார்ப்பு = குலை × போன மாதச் சராசரி
பங்கு = நிகர எடை × எதிர்பார்ப்பு ÷ சீட்டின் மொத்த எதிர்பார்ப்பு

பிறகு முழுக் கிலோவாக்க வேண்டும். தனித்தனியாக முழுமையாக்கினால், மூன்று புளோக் கலந்த சீட்டில் ஒரு கிலோ கூடும் அல்லது குறையும். அதனால் எல்லாப் பங்கையும் முதலில் கீழ்நோக்கி வெட்டிவிட்டு, மிஞ்சும் கிலோக்களை எந்தப் பங்கின் தசமம் பெரியதோ அதற்கு முதலில், பிறகு அடுத்ததற்கு என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கிறது. கூட்டினால் சீட்டு எடை அப்படியே வரும்.

புதிதாக வெட்டுக்கு வந்த புளோக்குக்குப் போன மாதச் சராசரி இருக்காது. அதற்கு நட்ட ஆண்டை ஒட்டிய பக்கத்துப் புளோக்கின் எண்ணை எடுக்கலாம். முதல் மாதம் மட்டும் அந்தப் புளோக்கின் பழத்தைத் தனி லோரியில் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு லோரி எடை பத்து ஊகத்துக்குச் சமம்.

இந்தக் கணக்கின் விளைவு "பங்கு" என்ற நான்காவது அட்டவணை. அதில் ஒரு வரி என்றால் ஒரு வெட்டுத் தேதியில் ஒரு புளோக்கிலிருந்து ஒரு சீட்டில் போன எடையும் குலையும். இரண்டு மண்டோர் ஒரே நாளில் ஒரே புளோக்கில் வெட்டியிருந்தால் பிரிப்பதற்கு முன்பே கூட்டிவிட வேண்டும். அட்டவணையும் பட்டையும் கோடும் இதிலிருந்து மட்டுமே படிக்கவேண்டும். எடைச்சீட்டையும் வெட்டையும் நேரடியாக இணைத்து எடையைக் கூட்டும் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுதினால், ஒரு சீட்டுக்கு மூன்று வெட்டு வரி இருக்கும் இடத்தில் 8,430 மூன்று முறை வந்து 25,290 ஆகும். மாத மொத்தம் இரண்டு மடங்கு ஆனால் யாராவது கவனிப்பார்கள். கலப்பு லோரி கொஞ்சமாக இருந்து மொத்தம் எட்டுப் பத்து விழுக்காடு மட்டும் ஏறினால் "நல்ல மாசம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

குவெரி

மதிப்புகளைக் குவெரியின் எழுத்தோடு எழுத்தாக ஒட்டாமல், அந்த இடத்தில் கேள்விக்குறி இட்டுத் தனியாக அனுப்பவேண்டும் என்பது எல்லாரும் அறிந்தது. மற்ற பொறிகள் இவை.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் எஸ்கியூலைட் தசமத்தை வெட்டிவிடும். 10,400 கிலோவை 1,200 குலையால் வகுத்தால் 8 தான் வரும். முதல் எண்ணை 1.0 ஆல் பெருக்கிவிட்டு வகுக்கவேண்டும், அப்போது 8.67.

அதே எடுத்துக்காட்டில் இன்னொரு பாடம். ஒரு புளோக்கில் 1,000 குலை 6,000 கிலோ, அதாவது 6 கிலோ சராசரி. இன்னொன்றில் 200 குலை 4,400 கிலோ, 22 கிலோ சராசரி. இரண்டு சராசரிகளின் சராசரி 14. டிவிஷனின் உண்மையான குலை எடை 8.67. சராசரியைச் சேமித்து வைக்காமல் எடை, குலை இரண்டையும் கடைசி வரை தனித்தனியாகக் கொண்டுவந்து, அச்சாகும் வரியில் மட்டும் வகுப்பதே இதற்கு வழி. ஹெக்டருக்கு டன்னுக்கும் இதே விதி.

வெட்டு நடக்காத நாளுக்குக் குவெரியில் வரியே வராது. பட்டைப்படத்தில் 12-க்குப் பக்கத்திலேயே 14 நிற்கும். கோட்டுப்படத்தில் கோடு இடைவெளியைத் தாண்டிச் சாய்வாக ஓடிவிடும். அதனால் மறுசுழல் (தன்னையே திரும்ப அழைக்கும்) குவெரி ஒன்றால் மாதத்தின் எல்லா நாளையும் உண்டாக்கி, அதை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க வரிகள் எல்லாம் நிற்கும் இணைப்பு) செய்யவேண்டும். புளோக் நிபந்தனையைப் பொதுவான வேர் (WHERE) பகுதியில் போட்டால் காலி நாட்கள் மறுபடி உதிர்ந்துவிடும். இணைக்கும் நிபந்தனையோடு சேர்த்தே போடவேண்டும்.

கூட்டுவதற்கு சம் (SUM) சார்பைப் போட்டால் வரியில்லாத நாளுக்கு வெற்று மதிப்பு, டோட்டல் (TOTAL) போட்டால் 0.0. இங்கே சம் தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெட்டில்லாதது வேறு, வெட்டு நடந்து சீட்டு இன்னும் வராதது வேறு. இரண்டையும் பூஜ்யமாக்கிவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.

சுற்று நாள்

மண்டோர் முதலில் தேடுவது இந்த நெடுவரிசையைத்தான். ஒரு புளோக்கை மறுபடி வெட்ட எத்தனை நாள் ஆகிறது? வழக்கமாக 10 முதல் 15 நாள். நீண்டுவிட்டால் பழம் மிகையாகப் பழுத்து உதிரும். உதிரி பொறுக்க ஆள் கூட வேண்டும், பொறுக்காமல் விட்டது எண்ணெய் நட்டம்.

ஒவ்வொரு வெட்டுத் தேதிக்கும் முந்தைய வெட்டுத் தேதியை லேக் சார்பால் எடுத்துக் கழித்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு புளோக்கை ஒரே நாளில் வெட்டி முடிப்பதில்லை. ஒரு புளோக்கின் வெட்டுத் தேதிகள் 2, 3, 4, பிறகு 15, 16, பிறகு 27 என்று இருந்தால் வித்தியாசங்கள் 1, 1, 11, 1, 11. சராசரி 5 நாள்! அப்படி ஒரு தோட்டம் உலகத்தில் இல்லை. சரியான கணக்கு, சுற்று தொடங்கிய நாளிலிருந்து அடுத்த சுற்று தொடங்கிய நாள்: 2-லிருந்து 15 வரை 13, 15-லிருந்து 27 வரை 12.

குவெரியில் இதை ஐந்து படியாக எழுத வேண்டியிருக்கிறது:

முதல் படி, புளோக்கும் தேதியும் மட்டும், இரட்டிப்பு நீக்கி.
இரண்டாவது, லேக் வைத்து முந்தைய தேதியோடு வித்தியாசம். அது 4 நாளைத் தாண்டினாலோ முந்தைய தேதியே இல்லாவிட்டாலோ கொடி 1, இல்லாவிட்டால் 0.
மூன்றாவது, கொடிகளைத் தேதி வரிசையில் தொடர்ந்து கூட்டுவது. கிடைப்பது சுற்று எண்; 2, 3, 4 மூன்றுக்கும் 1, 15, 16 இரண்டுக்கும் 2.
நான்காவது, புளோக்கும் சுற்று எண்ணும் வாரியாகத் தொகுத்து முதல் தேதி, கடைசித் தேதி.
ஐந்தாவது, முதல் தேதிகள் மேல் மறுபடி ஒரு லேக்.

4 நாள் என்ற எல்லைக்குக் காரணம், ஒரு ஞாயிறும் அதை ஒட்டிய பொது விடுமுறையும் நடுவில் வந்தாலும் சுற்று உடையக்கூடாது. தீபாவளி, நோன்புப் பெருநாள் வாரங்களில் அது போதாது. பாதி வெட்டிய புளோக் அப்படியே நிற்க, ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். விடுமுறைத் தேதிகளுக்கு ஒரு சிறு அட்டவணை வைத்து, இடையில் விழும் விடுமுறைகளை வித்தியாசத்திலிருந்து கழித்த பிறகே 4-உடன் ஒப்பிடவேண்டும். கழிப்பது கொடிக்கு மட்டும்தான். அச்சாகும் சுற்று நாளில் கழிக்கக்கூடாது. பழம் விடுமுறை பார்த்துப் பழுப்பதில்லை.

மாத வடிகட்டலை இந்தக் குவெரிக்குள்ளே போடவே கூடாது. வடிகட்டல் விண்டோ ஃபங்ஷனுக்கு முன்பே நடந்துவிடும், அதனால் மாதத்தின் முதல் சுற்றுக்கு முந்தைய தேதி கிடைக்காமல் போகும். முழுத் தரவின் மேல் ஐந்து படியும் ஓடவேண்டும், கடைசியாக வெளியே நின்று மாதத்தை வடிகட்டவேண்டும். மூன்று வருஷத் தரவு என்றாலும் இந்தக் கணினியில் கண் இமைக்கும் நேரம்தான். வேகத்துக்காக உள்ளே வடிகட்டுவதில் லாபமில்லை.

குறுக்கு அட்டவணை

புளோக் கீழே, மாதம் மேலே என்ற வடிவத்துக்கு எஸ்கியூலைட்டில் தனிக் கட்டளை இல்லை. பாண்டாஸின் பிவட் டேபிள் போதும், இரண்டு எச்சரிக்கையோடு. அது சொல்லாமல் விட்டால் கூட்டாது, சராசரி எடுக்கும். கூட்டு என்று எழுதியே ஆகவேண்டும். காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் விருப்பத்தைத் தொடவேண்டாம். குரூப் பை (ஒரே மதிப்புள்ள வரிகளைத் தொகுப்பது) செய்யும்போது புளோக் எண் வெற்றாக உள்ள வரிகளைப் பாண்டாஸ் சத்தமில்லாமல் கைவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கெல்லாம் ஒரே காவல், மூன்று இடத்தில் கூட்டிப் பார்ப்பது: அந்தக் காலத்துச் சீட்டுகளின் நிகர எடை மொத்தம், பங்கு அட்டவணையின் மொத்தம், அச்சாகப் போகும் அட்டவணையின் மொத்தம். மூன்றும் கிலோ சுத்தமாக ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நிரல் படம் வரையாமல், வித்தியாசத்தையும் அது எந்தச் சீட்டில் என்பதையும் காட்டிவிட்டு நிற்கும். தோராயமாகச் சரி என்று விட்டுவிடும் நிரலைவிட நின்றுபோகும் நிரல் மேல்.

தமிழ் எழுத்து

பெயர்களில் முதல் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் "டோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ட-வுக்குப் பிறகு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. குரூப் பைக்கு இரண்டும் வேறு. ஒரே மண்டோரின் பெயர் அட்டவணையில் இரண்டு வரியாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது கைபேசியில் தட்டும்போது நுழைந்த அகலமில்லாக் குறி. பைத்தானின் யூனிகோட்டேட்டா வழியாக என்எஃப்சி (இரண்டையும் ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றி, அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் முன்பின் இடைவெளிகளையும் நீக்கிவிட்டே உள்ளே ஏற்றவேண்டும்.

வரிசைப்படுத்துவதும் தானாகச் சரியாக வராது. யூனிகோட் வரிசையில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ. நம் அகர வரிசை ய ர ல வ ழ ள ற ன. புள்ளி வைத்த எழுத்தும் உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். மண்டோர் பட்டியல் பத்துப் பெயர்தான் என்றால் கையாலேயே வரிசை எண் கொடுத்துவிடுவது லேசு.

அடுத்தது வரைவது. பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் 3.10 வரையிலான பதிப்புகள் எழுத்துகளைக் கோக்காமல் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வைக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். "மண்டோர்" சிதைந்து வரும். படத்தை எஸ்விஜியாகச் சேமித்து, எழுத்தை வடிவமாக மாற்றாமல் எழுத்தாகவே விடும் அமைப்பைப் போட்டால், திறக்கும் உலாவி அதை ஒழுங்காகக் கோத்துவிடும். ஆனால் எழுத்தின் அகலத்தை மேட்பிளாட்லிப் தப்பாகக் கணக்கிட்டிருக்கும், அதனால் தலைப்பும் குறிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இவ்வளவு சமாதானம் செய்துகொள்வதைவிட எஸ்விஜியை நேராக எழுதுவது சுலபம். பட்டைகளும் இரண்டு கோடும் வரைய அறுபது எழுபது வரி நிரல் தாராளம்.

பட்டை வரைவது

படப்பரப்பு 720-க்கு 320. இடது ஓரம் 60, வலது 40, மேல் 20, கீழ் 40. பட்டைகளுக்கு மிஞ்சுவது 620 அகலம், 260 உயரம். 31 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 20. அதில் 16 பட்டை, 4 இடைவெளி.

பட்டை உயரம் = மதிப்பு × 260 ÷ உச்சம்
பட்டையின் மேல் விளிம்பு = 20 + 260 − பட்டை உயரம்

எஸ்விஜியில் கீழே போகப் போக எண் கூடும். இரண்டாவது வரியை மறந்தால் பட்டைகள் கூரையிலிருந்து தொங்கும். உச்சம் என்பது உண்மையான உச்ச மதிப்பு அல்ல. அதற்கு மேலே உள்ள 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளில் அடுத்தது. 37 டன் என்றால் 50. அச்சுக்கோடுகளில் 0, 10, 20 என்று படிக்கத்தக்க எண் வரும். பட்டை எப்போதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். 30-லிருந்து தொடங்கினால் 32-க்கும் 36-க்கும் மூன்று மடங்கு வித்தியாசம் போலத் தெரியும்.

வெட்டில்லாத நாளுக்கு அடிக்கோட்டில் ஒரு சிறு கீற்று. சீட்டு வராத நாளுக்குச் சாய்கோடு போட்ட வெற்றுப் பட்டை. அதன் உயரம் குலைக் கணக்கை வைத்து மதிப்பிட்டது. சீட்டு வந்ததும் அடுத்த தாளில் அது நிரம்பிய பட்டையாகிவிடும்.

கீழேயுள்ள மாதக் கோட்டில் நடப்பு மாதம் எப்போதும் பள்ளத்தில் விழுந்தாற்போல் தெரியும், ஏனென்றால் மாதம் முடியவில்லை. அந்தக் கடைசிப் புள்ளியைக் கோட்டோடு இணைக்காமல் வெறும் வட்டமாக விட்டு, போன வருஷத்தின் அதே தேதி வரையிலான மதிப்பைப் பக்கத்தில் இன்னொரு வட்டமாக வைத்தால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். அதனால் இந்த வருஷம் தடித்த முழுக்கோடு, போன வருஷம் மெல்லிய விட்டு விட்டு வரும் கோடு. வண்ணக் குறிப்புப் பெட்டிக்குப் பதில் கோட்டின் நுனியிலேயே ஆண்டு.

குத்தகைக்காரர் பெயரில் "&" குறி இருந்தால் எஸ்விஜி கோப்பு அந்த இடத்திலேயே உடைந்துவிடும். எந்த எழுத்தையும் உள்ளே வைப்பதற்கு முன் பைத்தானின் எச்டிஎம்எல் எஸ்கேப் வழியாக அனுப்பிவிடுவது கட்டாயம்.

அட்டவணையை எச்டிஎம்எல்லாகவே எழுதி, எஸ்விஜியை அதே கோப்புக்குள் வைத்துவிடலாம். இடைவெளி போட்டு நெடுவரிசைகளை நேராக்கும் பழைய வித்தை தமிழுக்கு ஒத்துவராது: "மண்டோர்" பார்வைக்கு நான்கு எழுத்து, பைத்தானின் எண்ணிக்கைக்கு ஏழு. எண்கள் வலது ஓரம் ஒட்டி, சம அகல இலக்கங்களோடு, ஒரே ஒரு தசமத்தில். சுற்று நாள் 15-ஐத் தாண்டினால் அந்தக் கட்டத்துக்குத் தடித்த கரை. பின்னணி நிறம் வேண்டாம், ஏனென்றால் உலாவியின் அச்சுப் பெட்டியில் பின்னணி வரைகலை என்ற விருப்பம் அணைந்திருந்தால் அது தாளில் வராது. வரிசையும் புளோக் எண்படி அல்ல, சுற்று நாள் அதிகமானது மேலே. மண்டோர் முதல் மூன்று வரியைப் பார்த்தாலே வேலை முடியவேண்டும்.

கிராணிக்கு அதே எண்கள் எக்செல்லிலும் வேண்டும். சிஎஸ்வியாகக் கொடுத்தால் தொடக்கக் குறியுடன் கூடிய யுடிஎஃப்-8 ஆக எழுதவேண்டும். அந்தக் குறி இல்லாமல் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகும்.

காலை 5.15

விண்டோஸின் பணி அட்டவணை நிரலைக் காலை 5.15-க்கு ஓட்டுகிறது. இங்கே ஒரு பொறி. எஸ்கியூலைட்டில் "இப்போது" என்பது உலகப் பொது நேரம். மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னே, 1982 ஜனவரி 1 முதல். காலை 5.15-க்கு அங்கே முந்தைய நாள் இரவு 9.15. தாளின் தலைப்பில் நேற்றைய தேதி வரும், கடைசி வெட்டிலிருந்து எத்தனை நாள் என்பதில் ஒன்று குறையும். காலை எட்டு மணிக்கு மேல் சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளூர் நேரம் என்ற மாற்றியைச் சேர்க்கலாம். அதைவிட, இன்றைய தேதியைப் பைத்தானிலேயே எடுத்துக் குவெரிக்கு மதிப்பாக அனுப்புவது மேல். பழைய ஒரு நாளின் தாளை மறுபடி எடுக்கவேண்டி வந்தால் தேதியை மாற்றிக் கொடுத்தால் போதும்.

நிரல் நடுவில் நின்றுபோனால் நேற்றைய கோப்பு அதே பெயரில் அப்படியே இருக்கும். யாராவது அதை அச்சிட்டுப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பழைய கோப்பைத் தேதியிட்ட பெயரில் வேறு அடைவுக்கு நகர்த்தவேண்டும். புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, மூன்று மொத்தமும் ஒத்த பிறகே சரியான பெயரைக் கொடுக்கவேண்டும். தாளின் வலது மூலையில் இரண்டு வரி: கடைசியாக ஏறிய சீட்டின் எண்ணும் தேதியும், வராத சீட்டுகளின் எண்ணிக்கையும்.